தோல் பின்னால் வரவில்லையா? முன்தோல் இறுக்கம் பற்றிக் கொஞ்சம் விவரமாக

கைக்குழந்தையைக் குளிப்பாட்ட வரும் பாட்டிமார்களைப் பார்த்திருப்பீர்கள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்கள் மேல் போட்டு, எண்ணெய் தடவி நீவி, மூக்கைப் பிடித்துவிட்டு, கடைசியில் ஆண் குழந்தையாக இருந்தால் குஞ்சாமணியின் நுனித் தோலைப் பிடித்துப் பின்னால் தள்ளுவார்கள். குழந்தை வீறிடும். "தினமும் தள்ளி விடணும்மா, இல்லேன்னா ஒட்டிக்கிடும். பெரியவனானா கஷ்டம்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த சொம்புத் தண்ணீரை மொண்டு ஊற்றுவார்கள். எங்கள் வீட்டிலும் இது நடந்தது. நானும் பக்கத்தில் துண்டோடு நின்றுகொண்டு, அனுபவசாலி சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

உண்மை அதற்கு நேர் எதிர். குழந்தைக்கு அந்தத் தோல் பிறக்கும்போதே ஒட்டித்தான் இருக்கிறது. அந்த வயதில் அது ஒட்டித்தான் இருக்க வேண்டும். பலவந்தமாகத் தள்ளுவதால்தான் பின்னால் கஷ்டம் வருகிறது.

ஆண்குறியின் நுனியில் இருக்கும் பகுதியை மொட்டு என்கிறோம். அதை மூடியிருப்பது முன்தோல். இந்த முன்தோலைப் பின்னுக்கு இழுக்க முடியாத நிலைக்கு முன்தோல் குறுக்கம் அல்லது இறுக்கம் என்று பெயர். டாக்டர் சீட்டில் 'ஃபைமோசிஸ்' என்று எழுதியிருப்பார். கிரேக்க மொழியில் அந்தச் சொல்லின் வேர் வாய்ப்பூட்டைக் குறிக்கிறது. கதிரடிக்கும்போது மாட்டுக்குக் கட்டுவோமே, அந்த மாதிரி. பெயர் என்னவோ பொருத்தம்தான். ஆனால் இரண்டு வயதுப் பையனுக்கும், இருபத்தைந்து வயது இளைஞனுக்கும், அறுபது வயது சர்க்கரை நோயாளிக்கும் ஒரே பெயரைச் சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. மூன்று பேருமே "தோல் பின்னால் வரவில்லை" என்றுதான் சொல்கிறார்கள். அதற்கான அர்த்தம் ஆளுக்கு ஆள் வேறு.

முதலில் குழந்தைகள்.

பச்சை வேர்க்கடலையை உடைத்துப் பாருங்கள். பருப்பின் மேல் இருக்கும் செந்தோல் பருப்போடு ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் பருப்பும் சேர்ந்து பெயரும். அதே கடலையை வறுத்துக் கையில் வைத்துத் தேய்த்தால் தோல் தானாக உரிந்து பறக்கும். முன்தோலும் அப்படித்தான். பிறந்த குழந்தைக்கு முன்தோலின் உள்பக்கமும் மொட்டின் மேல்பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே படலமாக இருக்கின்றன. நடுவில் இடைவெளியே கிடையாது. நாளாக ஆக அங்கே பழைய செல்கள் உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் மெல்லப் பிளவு உண்டாகிறது. உறுப்பு வளர்வதும், குழந்தைகளுக்கும் அவ்வப்போது இயல்பாக ஏற்படும் விறைப்பும் இதற்குத் துணை செய்கின்றன. முன்தோலின் வாயும் அந்தக் காலத்தில் சுருக்குப் பையின் வாய் போலக் குறுகலாக இருக்கும். அதுவும் வயதோடு தளர்ந்துகொண்டே வரும்.

இந்த வேலை எப்போது முடியும் என்பதில் மருத்துவர்களே ஒரு காலத்தில் அவசரப்பட்டார்கள். 1949இல் இங்கிலாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் டக்ளஸ் கேர்ட்னர் ஒரு கணக்கு வெளியிட்டார். பிறந்த குழந்தைகளில் சுமார் 4 சதவீதம் பேருக்குத்தான் தோல் பின்னால் போகிறது, மூன்று வயதுக்குள் சுமார் 90 சதவீதம் பேருக்குப் போய்விடுகிறது என்பது அந்தக் கணக்கு. அதன் முதல் பாதி நல்லது செய்தது. பிறந்த குழந்தையின் தோல் ஒட்டியிருப்பது நோயல்ல என்று புரியவைத்தது. இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டு, மூன்று வயது தாண்டியும் தோல் வரவில்லை என்றால் ஏதோ கோளாறு என்று பல டாக்டர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். 1968இல் டென்மார்க்கின் யாகோப் ஓஸ்டர் பள்ளிச் சிறுவர்களை ஆண்டுக்கணக்கில் பரிசோதித்து வெளியிட்ட முடிவுகள் வேறு மாதிரி இருந்தன. 6, 7 வயதுப் பையன்களில் 63 சதவீதம் பேருக்குத் தோல் இன்னும் எங்கேயாவது ஒட்டியிருந்தது. 16, 17 வயதில் அது 3 சதவீதமாகக் குறைந்திருந்தது. வாய் குறுகி இறுக்கமாகவே இருந்தவர்கள் சின்ன வயதில் 8 சதவீதம், 17 வயது வாக்கில் 1 சதவீதம். யாரும் எதுவும் செய்யாமலேயே பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது. எல்.கே.ஜி. படிக்கும் பையனுக்குத் தோல் பின்னால் வரவில்லை என்று அலைபாய வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பு வரை வராவிட்டாலும், வேறு தொந்தரவு இல்லையென்றால், பொறுத்துப் பார்க்கலாம்.

இந்த இடைக்காலத்தில் பெற்றோரைப் பயமுறுத்தும் காட்சிகள் இரண்டு. ஒன்று, தோலுக்கு அடியில் அரிசி போலவோ பட்டாணி போலவோ வெள்ளையாக ஒரு திரட்சி தெரியும். சீழ் கட்டிவிட்டது என்று ஓடுவார்கள். சீழ் இல்லை, உதிர்ந்த செல்கள் வெளியே வர வழியில்லாமல் திரண்டு நிற்கின்றன. தோல் விலகும்போது அதுவே வெளியேறிவிடும். இன்னொன்று, சிறுநீர் கழிக்கும்போது முன்தோல் பலூன் மாதிரி ஊதிக்கொள்வது. வலி இல்லாமல், சிறுநீர் தடையில்லாமல் வந்தால் இதுவும் கடந்துபோகும் கட்டம்தான்.

ஆனால் அந்தப் பாட்டி செய்கிற மாதிரி இழுத்தால் என்ன ஆகும்? ஒட்டியிருக்கும் படலம் கிழியும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்னக் கீறல்கள். ஒவ்வொரு கீறலும் ஆறும்போது தழும்பு விழும். தழும்புத் தோலுக்கு நெகிழ்ச்சி கிடையாது. நெகிழ்ந்து தளர வேண்டிய சுருக்குப் பையின் வாய், நாளடைவில் நெளியாத வளையமாகிவிடுகிறது. இயற்கையாகச் சரியாகியிருக்கக்கூடிய ஒன்றை நாமே நோயாக்கிவிடுகிறோம். ஆகவே குளிப்பாட்டும்போது வெளியே தெரிவதை மட்டும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். சோப்பு நுரையை உள்ளே விட வேண்டாம், பட்ஸ் விட்டுத் துடைக்கவும் வேண்டாம். தோல் தானாக விலகத் தொடங்கிய பிறகு, பையனே குளிக்கும்போது வலிக்காத தூரம் வரை விலக்கிக் கழுவி, துடைத்து, மறக்காமல் பழையபடி முன்னால் இழுத்து விட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள். அந்த 'மறக்காமல்' என்பது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

சரி, குழந்தையை டாக்டரிடம் எப்போது காட்ட வேண்டும்? நுனி சிவந்து வீங்கியிருந்தால், சீழ் வடிந்தால், சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் அழுதால் காட்டிவிடுங்கள். சிறுநீர் நூல் போலவோ சொட்டுச் சொட்டாகவோ வந்தாலும் அப்படியே. காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்துகொண்டிருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். குறிப்பாக ஒரு வயதுக்குள் இருக்கும் ஆண் குழந்தைக்கு அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். சிறுநீரே வராமல் குழந்தை துடித்தால் அன்றைக்கே, அப்போதே போக வேண்டும்.

இவை போக, கண்ணால் பார்த்தே ஓரளவு ஊகிக்கக்கூடிய ஒரு வித்தியாசம் உண்டு. தோலை மிக லேசாகப் பின்னுக்கு நகர்த்தும்போது, நுனி பூ மொட்டு அவிழ்வது போல விரிந்து, உள்ளே இளஞ்சிவப்பான ஈரச் சதை எட்டிப் பார்த்தால் அது இயல்பான இறுக்கம். அப்படி விரியாமல், நுனியில் வெளுத்துப்போன, கெட்டியான, பளபளவென்ற ஒரு வளையம் தெரிந்தால் அது வேறு கதை. தோலைத் தழும்பாக்கும் ஒருவகை அழற்சி நோய் இருக்கிறது. 'லைக்கன் ஸ்கிளீரோசஸ்' என்பார்கள். ஐந்து வயதுக்குக் கீழே அபூர்வம், பள்ளிப் பருவத்திலும் பெரியவர்களிடமும் வரும். இது தானாகச் சரியாகாது. கவனிக்காமல் விட்டால் சிறுநீர்த் துவாரத்தையே சுருக்கிவிடக்கூடியது. முன்பு நன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்த தோல் இப்போது போகவில்லை என்றாலும் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

அடுத்து இளைஞர்கள். இங்கே நோயைவிட வெட்கம்தான் பெரிய தொல்லை. பதினைந்து, பதினாறு வயதில் தன்னுடையது மற்றவர்களுடையது போல இல்லையோ என்று தோன்றும். அப்பாவிடம் கேட்க முடியாது. நண்பனிடம் கேட்டால் அன்று சாயங்காலத்துக்குள் வகுப்புக்கே தெரிந்துவிடும். மிச்சம் இருப்பது செல்போன், பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ், மாதத்தில் குறிப்பிட்ட தேதியில் லாட்ஜில் அறை எடுத்து 'ஆண்மைக் கோளாறுகளுக்கு' லேகியம் விற்பவர். லேகியம் சாப்பிட்டுத் தோல் தளர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இறுகிய தோலுக்கு உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து கிடையாது.

சிலர் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் பதறுகிறார்கள். இன்னும் சிலர் கல்யாணத்துக்குப் பிறகு, வலியால் உறவுகொள்ள முடியாமல், மனைவியிடமும் சொல்ல முடியாமல் மாதக்கணக்கில் தவிர்த்துக்கொண்டே போகிறார்கள். விறைக்கும்போது வலித்தால், உறவின்போது தோல் வெடித்து ரத்தம் கசிந்தால், உள்ளே கழுவ முடியாமல் நாற்றமும் எரிச்சலும் இருந்தால், அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். எந்தத் தொந்தரவும் இல்லாமல் கொஞ்சம் இறுக்கமாக மட்டும் இருக்கிறது என்றால் எதுவும் செய்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

சில சமயம் குற்றவாளி முன்தோலின் வாயாகவே இருக்காது. நாக்கைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு மெல்லிய சதை நாண் தெரியுமல்லவா, அதே போல மொட்டின் அடிப்பக்கத்தில் முன்தோலைப் பிடித்துவைத்திருக்கும் நாண் ஒன்று உண்டு. அது குட்டையாக இருந்தால் தோல் பின்னால் போகும்போது மொட்டைக் கீழே இழுக்கும், சில நேரம் அறுந்து ரத்தம் வரும். இதற்கான வைத்தியம் வேறு, சின்ன வைத்தியம். இணையத்தில் படித்துவிட்டுத் தனக்கு இன்னதுதான் என்று முடிவு செய்யாமல் ஒருமுறை நேரில் காட்டுவது இதனால்தான்.

யாரிடம் காட்டுவது? பெரியவர்கள் என்றால் யூராலஜிஸ்ட் அல்லது பொது அறுவை சிகிச்சை டாக்டர். குழந்தைகள் என்றால் முதலில் வழக்கமான குழந்தை டாக்டர், அவர் சொன்னால் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது. உள்ளே போய் "மொட்டுத் தோல் பின்னால போக மாட்டேங்குது டாக்டர்" என்று ஒரு வரி சொன்னால் போதும். ஒரு நாளைக்கு இதே வரியை அவர் எத்தனை பேரிடம் கேட்கிறாரோ. பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும். ஸ்கேன், ரத்தம் என்று பெரிய பட்டியல் பொதுவாகத் தேவைப்படாது.

வைத்தியம் என்றாலே கத்தி என்று நினைக்க வேண்டியதில்லை. தழும்பு விழாத இறுக்கத்துக்கு முதல் மருந்து ஒரு களிம்பு. பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பை, பெரும்பாலும் 0.05 அல்லது 0.1 சதவீத அளவில், தினம் இரண்டு வேளை, நான்கு முதல் எட்டு வாரம் வரை தடவச் சொல்வார்கள். இது தோலை மெலிதாக்கி நெகிழ வைக்கிறது. பலருக்குப் பலன் தராமல் போவதற்குக் காரணம் மருந்தல்ல, தடவும் இடம். வெளித்தோல் முழுக்க அப்பிக்கொண்டால் பயனில்லை. தோலை வலிக்காத தூரம் வரை பின்னுக்கு நகர்த்தி, எங்கே வளையம் போல இறுகி நிற்கிறதோ அந்த வளையத்தின் மேல், விரல் நுனியில் எடுத்த கொஞ்சம் மருந்தை வைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்த பிறகு செய்தால் தோல் இளகிக் கொடுக்கும். கூடவே, வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திச் சில விநாடி பிடித்து விடும் பயிற்சியும் சேர வேண்டும். சரியாகச் செய்தால் பெரும்பாலான பையன்களுக்கு இதிலேயே தீர்ந்துவிடும். சரியான பிறகும் குளிக்கும்போது தோலை விலக்கிக் கழுவும் பழக்கத்தை விட்டுவிட்டால் மறுபடி இறுகலாம்.

மருந்துக்கடையில் போய் "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டால், ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று என எல்லாம் கலந்த ஒரு டியூபை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதை மாதக்கணக்கில் போடுவது தோலைக் கெடுக்கும், அடியில் இருக்கும் நோயையும் மறைக்கும். களிம்பு எது, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

இப்போது அந்த 'மறக்காமல்' விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் உடனடி அவசரம் என்று சொல்லத்தக்கது இதுதான். இறுக்கமான தோலை எப்படியோ பின்னால் தள்ளிவிட்டு, முன்னால் கொண்டுவராமல் விட்டுவிட்டால், அந்த வளையம் மொட்டுக்குப் பின்னால் கழுத்தில் கட்டிய ரப்பர் பேண்ட் போலப் பிடித்துக்கொள்கிறது. ரத்தம் உள்ளே வரும், திரும்பிப் போக வழியில்லை. மொட்டு வீங்கும், வீங்க வீங்கப் பிடி இன்னும் இறுகும். தோல் ஒரு பக்கம் நீர் கோத்த வளையமாகத் தொங்கும், மொட்டு கறுக்கத் தொடங்கும். மணிக்கணக்கில் விட்டால் சதை செத்துப்போகும் ஆபத்து உண்டு. உறவுக்குப் பிறகும் நடக்கும், பாட்டி தள்ளிவிட்ட குழந்தைக்கும் நடக்கும். மருத்துவமனையில் சிறுநீர்க் குழாய் போட்ட பெரியவருக்கு, குழாய் போட்டவர் தோலைப் பழையபடி இழுத்துவிட மறந்ததால் நடப்பதும் சகஜம். வீட்டில் பெரியவர் குழாயோடு படுத்திருந்தால் நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர்கள் பெரும்பாலும் இதைக் கையாலேயே சரிசெய்துவிடுவார்கள். மரத்துப்போகும் மருந்து தடவி, மொட்டை உள்ளங்கையில் பொத்திச் சில நிமிடங்கள் நிதானமாக அழுத்தி, வீக்கத்தை வடிய வைத்து, பிறகு இரண்டு கட்டைவிரலாலும் மொட்டை உள்ளே தள்ளிக்கொண்டே மற்ற விரல்களால் தோலை முன்னால் இழுப்பார்கள். அது முடியாவிட்டால் வளையத்தில் ஒரு சின்ன வெட்டு. விடிந்ததும் பார்க்கலாம் என்று இரவைக் கடத்தாதீர்கள். இரவு இரண்டு மணியானாலும் கேஷுவால்டிக்குப் போக வேண்டும்.

மூன்றாவது ஆள், நடுத்தர வயதைத் தாண்டியவர். இத்தனை வருடம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்துவிட்டு, ஐம்பது வயதில் திடீரென்று தோல் இறுகுகிறது. நுனியில் நெடுக்காகச் சின்னச் சின்ன வெடிப்புகள், பித்தவெடிப்பு மாதிரி. வெள்ளையாகப் படிகிறது, அரிக்கிறது, சிறுநீர் பட்டால் எரிகிறது. இவர் முதலில் செய்ய வேண்டியது சர்க்கரைப் பரிசோதனை. சர்க்கரை கலந்த சிறுநீர் படும் ஈரமான தோலில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அது வந்து வந்து போவதில் தோல் வெடித்து, தழும்பாகி, இறுகுகிறது. தனக்குச் சர்க்கரை இருப்பதையே இந்த வெடிப்பு மூலம் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. அதனால் இந்த இடத்தில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் மாத்திரைகள் அவை, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், கழுவித் துடைத்து உலர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வயதில் இன்னொரு எச்சரிக்கை. இறுகிய தோலுக்கு அடியில் கட்டி, ஆறாத புண், ரத்தக் கசிவு, நாற்றமுள்ள நீர் வடிதல் இருந்தால் தாமதிக்கக் கூடாது. ஆண்குறியில் புற்றுநோய் அபூர்வம்தான். ஆனால் வருபவர்களில் பலருக்கு நீண்டகால முன்தோல் இறுக்கம் இருந்திருக்கிறது. பார்க்க முடியாத இடத்தில் வளர்வதால் பார்க்கத் தாமதமாகிவிடுகிறது.

களிம்புக்கு மசியாத இறுக்கம், வெளுத்த தழும்பு வளையம், திரும்பத் திரும்ப வரும் தொற்று ஆகியவற்றுக்கு அறுவை சிகிச்சை. முன்தோலை முழுதாக நீக்குவது ஒன்று. தோலை வைத்துக்கொண்டே வாயை மட்டும் அகலப்படுத்தித் தைப்பது இன்னொன்று. தழும்பு நோய் இல்லாதவர்களுக்குப் பொருந்தும், டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். முதலாவதைத்தான் முஸ்லிம் வீடுகளில் சுன்னத் என்று விழாவாகச் செய்கிறார்கள். "அது அவங்க வழக்கமாச்சே" என்று தயங்குகிற வீடுகளும் உண்டு. குடல்வாலை எடுக்கும்போது யாரும் வழக்கம் பார்ப்பதில்லை. ஒரு விஷயம் மட்டும் கட்டாயம்: குழந்தையின் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கமாக இருந்தால், எந்தக் காரணத்துக்காகவும் தோலை வெட்டிவிடக் கூடாது. துவாரத்தைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்கு அந்தத் தோலே மூலப்பொருளாகத் தேவைப்படலாம்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து அரை மணி நேரத்தில் முடித்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படும். லேசர், ஸ்டேப்ளர் என்று விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. கருவியின் பெயரைவிட, செய்பவர் தகுதியான அறுவை சிகிச்சை நிபுணரா என்று விசாரிப்பது புத்திசாலித்தனம். தையல் தானாகக் கரையும். முதல் சில நாட்கள் வீக்கம் இருக்கும், மொட்டு எதன் மேல் உரசினாலும் கூசும். ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சலோ சீழோ தென்பட்டாலோ உடனே திரும்பிப் போக வேண்டும். மற்றபடி இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும்; உறவுக்கு நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கச் சொல்வார்கள். அதுவரை ஜீன்ஸைத் தொடாதீர்கள், தளர்வான கைலிதான் சௌகரியம். என் நண்பன் ஒருவன் ஆஃபீஸில் ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லி ஒரு வாரம் லீவு எடுத்தான். திரும்பி வந்ததும், எந்தப் பக்கம் ஹெர்னியா என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். நடுவில் என்றானாம்.